ஹைட்ரோவின் ஒடிந்த காது

அவிநாசி ரோட்டோரத்துச் சாயப்பட்டறையில் ஹைட்ரோ மெஷினின் காது ஒடிந்து அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள். கண்ணு பட்டுவிட்டது என்றார் ஒருத்தர். போன அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்கவில்லை, அதான் என்றார் இன்னொருத்தர். வாசலில் கட்டிய எலுமிச்சம்பழம் வாடி மூன்று நாளாகிறது என்பதைப் பெரிய துப்பறிந்தவர் மாதிரி வாட்ச்மேன் சொன்னார். கீழே கிடந்த இரும்புத் துண்டைக் குனிந்து எடுத்துப் பார்க்க மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் முதுகு வளையவில்லை.

ஹைட்ரோ என்றால் வேறொன்றும் இல்லை, சாயம் போட்டு அலசிய துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிகிற மெஷின். பெரிய கூடை ஒன்று மூன்று இரும்புக் கால்களுக்கு நடுவே தொங்கும். ஒவ்வொரு கால் உச்சியிலும் ஒரு வார்ப்பிரும்புக் காது உண்டு. அந்தக் காதிலிருந்து இறங்குகிற கம்பிதான் கூடையின் பாரத்தைத் தாங்குகிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கூடை முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு காது டப்பென்று போய்விட்டது. கூடை சாய்ந்து வெளிக்கூட்டில் மோதி, பொறி பறந்து, ஷெட்டே அதிர்ந்தது. மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த ஜெயபாண்டி பீடிக்கட்டைத் தேடி இரண்டடி நகர்ந்திருந்தான். பீடி உயிரைக் காப்பாற்றிய கதை உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மொக்கைச்சாமிக்குக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவர் அந்தப் பட்டறையின் ஃபிட்டர். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகத் திருப்பூர் மெஷின்களின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறவர். தட்டிப் பார்த்தே இரும்பின் குணம் சொல்வேன் என்று டீக்கடையில் அடித்துவிடுவார். டிப்ளமா படித்த பையன்கள் யாராவது மெஷின் புத்தகத்தை விரித்தால் போதும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுப்பா, ஸ்பேனரை எடு" என்று வாயை அடைத்துவிடுவார். ஒடிந்த காது எட்டு மாதத்துக்கு முன்னால் அவரே வார்க்கக் கொடுத்து வாங்கி வந்து மாட்டியது. அது எப்படி ஒடியும்?

"ஈரத்துணிய ஒருபக்கமா அமுக்கிருப்பான். கூடை ஆடிருக்கு, காது போயிருச்சு. இதுக்கு மாநாடு வேறயா?" என்றார்.

"இல்லண்ணே, சுத்தி சமமாத்தான் போட்டேன்," என்றான் ஜெயபாண்டி. அவனும் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள்தான், சத்தமாகப் பேசத் தெரியாதவன்.

"சமமா போட்டா மெஷின் எதுக்குடா ஆடுது? கல்யாண வீட்டுக்கு வந்துருக்கா ஆடுறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மொக்கைச்சாமி பேசினால் சிரிப்பதற்கென்றே நாலு பேர் எப்போதும் உண்டு.

முதலாளி அருள்குமார் வந்தார். வயது முப்பத்தைந்துக்குள். எம்.பி.ஏ. படித்தவர், மேஜையில் இரண்டு ஸ்கிரீன் வைத்திருப்பவர். தறி நெய்த குடும்பம், தலைமுறை தலைமுறையாக முருகன்தான் எல்லாம். கிருத்திகை விரதம் தப்பாது. ஒடிந்த காதையும் ஜெயபாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை படித்தவர் என்ன செய்வார்? துண்டைக் கையில் எடுப்பார், ஒடிந்த இடத்தின் வாயைப் பார்ப்பார் என்று நினைத்தால் அது நம் தப்பு.

"ஏனுங்க மொக்கைச்சாமியண்ணா, நீங்க காது நல்லதுங்கறீங்க. ஜெயபாண்டி லோடு நல்லதுங்கறாரு. ரெண்டுல ஒண்ணு பொய்தானுங்களே? வாசல்ல முருகன் இருக்கறாரு. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிருங்க, முடிஞ்சுபோச்சுங்க," என்றார்.

இரும்பு ஏன் ஒடிந்தது என்பதை முருகனிடம் கேட்கப் போனார்கள். பாவம், அவர் கையில் இருப்பதே ஒரு வேல். அது என்ன இரும்பு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

கேட்டுக்கு உள்ளே இடதுபுறம் சின்ன சன்னிதி. பகல் ஷிப்ட் ஆட்கள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். மொக்கைச்சாமி முன்னால் போனார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சிலையை நேருக்கு நேர் பார்த்து, "நான் மாட்டுன காது முதல்தர வார்ப்பு. அதுல ஒரு கொறையும் இல்ல. முருகன் மேல சத்தியம்!" என்று சொல்லிப் படாரென்று உள்ளங்கையால் தீயை அடித்து அணைத்தார். கையை உயர்த்திக் காட்டினார். கரி மட்டும் ஒட்டியிருந்தது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவருக்குள் எள்ளளவும் இல்லை. அதுதான் இந்தக் கதையின் கேடு.

ஜெயபாண்டிக்கு மறுபடி கற்பூரம் ஏற்றினார்கள். அவன் கையை நீட்டினான், பிறகு மடக்கிக்கொண்டான்.

"என்னடா?" என்றார் மொக்கைச்சாமி.

"நான் எப்பவும் போலத்தான் போட்டேன்ணே. ஆனா கண்ணால தராசா பிடிக்க முடியும்? ஒரு ரோலு கூட கொறைய இருந்திருக்குமோ என்னமோ. சாமி மேல சத்தியம்னா நூத்துக்கு நூறு தெரிஞ்சிருக்கணும்ல?"

கற்பூரம் அவன் முன்னாலேயே எரிந்து, உருகி, தானாக அடங்கியது. நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்ப்பு வந்துவிட்டது. எண்ணிப் பார்த்துப் பேசுகிறவன் குற்றவாளி, எண்ணாமல் அடித்தவர் உத்தமர். நம் ஊரில் இதற்குப் பெயர் தெய்வ நீதி.

மத்தியானமே ஜெயபாண்டியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பட்டறைக்குச் சொந்தமான, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில்தான் அவனும் மனைவி ராக்கம்மாளும் இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார் அருள்குமார், அதையும் 'ங்க' போட்டு மரியாதையாகவே சொன்னார். பக்கத்து இரண்டு பட்டறைகளில் போய்க் கேட்டான். அதற்குள் பேச்சு அவனுக்கு முந்திக்கொண்டு போயிருந்தது. சத்தியத்துக்குப் பின்வாங்கினவனை எந்தப் பட்டறை சேர்க்கும்?

விஷயம் இத்தோடு மண்மூடிப் போயிருக்க வேண்டியது. கெடுத்தது வெள்ளைக்காரன். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் வந்தது. மெஷின் ஒடிந்ததற்கு லேப் ரிப்போர்ட்டோடு காரணம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர் என்றார்கள்.

"கற்பூரம் அடிச்சாச்சுன்னு ஃபார்ம்ல போட முடியாதுங்களேண்ணா," என்று அருள்குமார் வருத்தத்தோடு சொன்னார். உண்மையிலேயே வருத்தத்தோடுதான். சாமிக்குக் கற்பூரம், வெள்ளைக்காரனுக்கு ரிப்போர்ட், இரண்டையும் தனித்தனி ஃபைலில் வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் எம்.பி.ஏ.வில் சொல்லித் தருவார்கள் போல.

ஒடிந்த காதையும், மெஷினோடு வந்து எட்டு வருடம் உழைத்து ஓட்டை தேய்ந்ததால் கழற்றிப் போட்ட பழைய கம்பெனிக் காதையும் ஒரு கோணியில் சுற்றிக்கொண்டு மொக்கைச்சாமி கோயமுத்தூர் பஸ் ஏறினார். வழியெல்லாம் முனகல்தான். இரும்புக்கு ரத்தப் பரிசோதனையாம். நாளைக்கு ஸ்பேனருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பீளமேட்டில் அந்த லேப் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே வினிதா என்ற பெண் இருந்தாள், முப்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் அமிலம் பட்டு மஞ்சளித்திருந்தது. துண்டுகளை முந்தின வாரமே அனுப்பியிருக்க வேண்டும், ஏன் இத்தனை நாள் என்று கேட்டாள். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று சொல்ல மொக்கைச்சாமிக்கு வாய் வரவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஓரத்தை அறுத்து, பிசினில் பதித்து, உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினாள். அதுவே ஒன்றரை மணி நேரம் ஆனது.

"இதை வார்க்கக் குடுத்தப்ப என்ன கிரேடுன்னு சொன்னீங்க?"

"இரும்புல என்னம்மா கிரேடு? இரும்புன்னா இரும்பு."

வினிதா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க திருப்பூர்தானுங்களே? காட்டன், பாலியஸ்டர், விஸ்கோஸ் எல்லாம் நூல்தானேன்னு ஒருத்தர் வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

"செருப்பால அடிப்பேன்."

"நான் பேப்பர்ல எழுதிக் குடுப்பேனுங்க. அவ்வளவுதான் வித்தியாசம். வந்து பாருங்க."

மொக்கைச்சாமி வேண்டாவெறுப்பாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பளபளவென்ற வெள்ளைத் தரையில் கறுப்புக் கறுப்பாக, நெளிநெளியாக, நுனி கூர்ந்த கோடுகள். ஒன்றோடொன்று ஏறக்குறைய உரசிக்கொண்டு, பார்த்த இடமெல்லாம்.

"என்னம்மா இது, புழு புடிச்ச அரிசி மாதிரி?"

"அது கரிங்க. வார்ப்பிரும்பு எதை எடுத்தாலும் நூத்துக்கு ரெண்டு பங்குக்கு மேல கரி இருக்கும். உருக்கின இரும்பு ஆறும்போது அந்தக் கரி எந்த உருவத்துல ஒதுங்குதோ அதை வச்சுத்தான் அதோட குணம். உங்களுது தகடு தகடா ஒதுங்கிருக்கு. இதுக்குக் கிரே அயர்ன்னு பேரு. ஒடிச்சா வாய் சாம்பல் நிறமா இருக்கும், பாருங்க."

துண்டைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல்தான். அந்த வாயை அவர் இத்தனை நாளாக ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

"அப்ப மட்டமான இரும்பா?"

"யாருங்க மட்டம்னா? மெஷினுக்கு அடியில பெட் போடணுமா, இதுதான் ராஜா. மேல எவ்வளவு பாரம் ஏத்தினாலும் அமுங்காது, அதிர்வை முழுங்கிக்கும், கடையறதுக்கும் சுலபம். ஆனா இழுத்தா தாங்காதுங்க. துணிக்கடையில ஓரத்துல கத்திரியால ஒரு வெட்டு போட்டுட்டுக் கையால சர்ருனு கிழிக்கறாங்களே, பார்த்திருக்கீங்கல்ல? இந்தக் கரித்தகடு ஒவ்வொண்ணோட நுனியும் அந்த மாதிரி ஒரு வெட்டு. இழுவை வந்தா அங்கிருந்து கிழிய ஆரம்பிச்சுரும். வளையாது, நீளாது, முன்கூட்டிச் சொல்லாது. டப்புனு போகும்."

டப் என்றுதான் போனது.

அவள் பழைய கம்பெனிக் காதின் துண்டை வைத்தாள். அதே வெள்ளைத் தரை. கரி இருந்தது, ஆனால் உருண்டை உருண்டையாக, மிளகைச் சிதறவிட்டது போல, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒரு கூர்நுனிகூட இல்லை.

"இது எஸ்.ஜி. அயர்ன். உருகின இரும்புல கொஞ்சம் மெக்னீசியம் சேர்ப்பாங்க, கரி உருண்டு போயிரும். உருண்டையில எங்கிருந்துங்க கிழியும்? உங்க கிரேயைவிட ரெண்டு மடங்கு இழுவை தாங்கும். மீறிப்போனாலும் முதல்ல வளையும், ஆள் பார்த்து ஸ்விட்சை அமுக்க நேரம் குடுக்கும். பாரம் தொங்கற இடத்துக்கு இதைத்தான் போடணும். இன்னும் இருக்குங்க. படக்குனு ஆறிப்போனா கரி தனியா ஒதுங்கவே நேரமிருக்காது, இரும்போடயே சேர்ந்துக்கும். அது ஒயிட் அயர்ன். அரம் போட்டாக்கூட வழுக்கும், ஆனா கண்ணாடி மாதிரி தெறிக்கும். அதையே நாள்கணக்குல சூட்டுல வச்சு வேகவச்சா கரி திரண்டு வந்து மேலியபிள் ஆகும். இத்தனையும் வார்ப்பிரும்புதானுங்க."

பிறகு இரண்டு காதையும் கம்பியில் தொங்கவிட்டு ஒரு சுத்தியலால் தட்டினாள். கம்பெனிக் காது ணங்கென்று கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. அவருடைய காது டொக்கென்று செத்துப்போனது.

அந்த டொக்கை மொக்கைச்சாமி ஏற்கெனவே கேட்டிருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் வார்ப்படப் பட்டறையில் புதுக் காதைத் தட்டிப் பார்த்து, "சத்தம் கனமா இருக்கு, கட்டியான சாமான்" என்று சான்றிதழ் கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு அங்கே சூப்பர்வைசர், "கிரேயா எஸ்.ஜி.யாங்க?" என்று கேட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. "டீயா காப்பியான்னு கேக்குற மாதிரி கேக்குறியே, நல்ல இரும்பாப் பாத்து ஊத்துய்யா" என்று இவர் சொன்னதும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததும்கூட. மனிதர் கேட்டார், இவர் பதில் சொல்லவில்லை, இருந்ததை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பின் விலை ஜெயபாண்டியின் உயிராக இருந்திருக்கும்.

"லோடு ஒருபக்கமா போட்டிருந்தா எஸ்.ஜி.யும் ஒடியுமாம்மா?" என்று கடைசி நப்பாசையில் கேட்டார்.

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கறதைத் தாங்கத்தானுங்க எஸ்.ஜி. போடறதே. ஆள் போடற லோடு தராசுல வச்ச மாதிரியா இருக்கும்?"

சாயங்காலம் ரிப்போர்ட்டை அருள்குமாரின் மேஜையில் வைத்து, "மொதலாளி, தப்பு காதுலதான். ஜெயபாண்டி மேல ஒண்ணுமில்ல," என்று எப்படியோ சொல்லிவிட்டார்.

அருள்குமார் நாலு பக்கத்தையும் படித்தார். அழகாகப் பஞ்ச் பண்ணி ஆடிட் ஃபைலில் கோத்தார். "நல்லதுங்கண்ணா. மெட்டீரியல் ஃபெயிலியர்னு அனுப்பிடலாமுங்க. புதுக் காது கம்பெனிலிருந்தே எஸ்.ஜி.ன்னு சர்டிபிகேட்டோட வருது."

"ஜெயபாண்டி?"

"அது சாமி முன்னால தீர்ந்ததுங்களேண்ணா. அதைப்போய்க் கிளறினா முருகன் தப்பா சொல்லிட்டாருன்னு ஆயிராதுங்களா? விடுங்க. உங்களுக்கும் நல்லதில்லீங்க."

மொக்கைச்சாமிக்கு ஒரு நிமிஷம் அப்பாடா என்று இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இருந்தது. நாற்பது பேர் முன்னால் முகம் கெட வேண்டாம் என்ற நிம்மதி. அந்த நிம்மதியோடு படிக்கட்டு இறங்கியவருக்குக் கேட் வருவதற்குள் அந்த நிம்மதியே கேவலமாகப் பட்டது. நேரே லைன் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டு வாசலில் ஜெயபாண்டி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி. ராக்கம்மாளின் பழைய சேலைகளை நனைத்து, முறுக்கி, வாளிக்குள் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். உள்ளே சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த ராக்கம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டு வாரமா இதே வேலை," என்றாள். "சோறுகூட எறங்கல."

"அண்ணே, வாங்க. கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் ஜெயபாண்டி. கண் குழி விழுந்திருந்தது. "அன்னிக்கு மூணாவது ரோலை இந்தப் பக்கம் வச்சேன். அதுதான் கனம். நான்தான்ணே ஒடிச்சது. நீங்க சொன்னதுதான் சரி."

மொக்கைச்சாமி வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். "இல்லடா. காதுதான் தப்பு. பாரந்தொங்குற எடத்துக்கு ஆகாத இரும்பு அது. லேப்ல பாத்துட்டு வாரேன்."

ஜெயபாண்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தான். "எனக்காகச் சொல்றீங்க. முருகன் மேல பொய்ச்சத்தியம் பண்ற ஆளாண்ணே நீங்க?"

எத்தனை விளக்கினாலும் தலையை ஆட்டிவிட்டு வாளிக்கே திரும்பினான். புழு, மிளகு, மெக்னீசியம், ஒன்றும் ஏறவில்லை. வாழ்நாளில் மொக்கைச்சாமி சொன்ன எதையும் ஜெயபாண்டி நம்பாமல் இருந்ததில்லை. இன்றைக்கு மட்டும், நம்பக்கூடாத அந்தச் சத்தியத்தையே இத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணி ஷிப்ட். ஆட்கள் உள்ளே வருகிற நேரம் சன்னிதிக்குப் பக்கத்து வேப்பங்கிளையில் இரண்டு காதும் கம்பியில் தொங்கின. மொக்கைச்சாமி ஸ்பேனரால் தட்டினார். ணங். டொக். கூட்டம் நின்றது. ஜெயபாண்டியையும் ராக்கம்மாளையும் கையோடு கூட்டி வந்து முன்னால் நிறுத்தியிருந்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்கப்பா. மணியாட்டம் கேக்குறது கம்பெனி போட்டது. கட்டை மாதிரி கேக்குறது நான் போட்டது. வார்க்குற எடத்துல என்ன இரும்பு வேணும்னு கேட்டாக. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு நக்கல் பேசுனேன். ஒடிஞ்சது அதனாலதான். முருகன் மேல நான் பண்ணுன சத்தியம் பொய்யி. இந்தப் பயல் போட்ட லோடுல ஒரு தப்பும் இல்ல."

சிரிப்பதற்கென்றே இருந்த நாலு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அருள்குமார் ஓடி வந்தார், முகம் சிவந்துபோய். "சாமியை விளையாட்டாக்கிட்டீங்களேண்ணா! பொய்ச்சத்தியம் பண்ணினா என்ன ஆகுமுங்க தெரியுமா?" ஒரு மனிதன் சாகப் பார்த்தது அவருக்கு மெட்டீரியல் ஃபெயிலியர், கற்பூரம் கெட்டதுதான் விபத்து. ஆனால் நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள், இனி மூடவும் முடியாது. ஜெயபாண்டி இன்றைக்கே வேலைக்கு வரலாம், வீட்டைக் காலி பண்ண வேண்டாம், மொக்கைச்சாமி பரிகாரமாகப் பழனிக்கு நடந்து போய்விட்டு வர வேண்டும் என்று அங்கேயே சொல்லி முடித்தார். வேறு ஃபிட்டர் கிடைத்தால் பழனியோடு அனுப்பியிருப்பார்.

ஜெயபாண்டி இரண்டு காதையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது தடவைதான் நம்பினான் போல. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மொக்கைச்சாமி பக்கத்தில் போய் அவன் தோளைத் தொட்டு, "எந்திரிடா. இனிமே ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்ல," என்றார்.

ராக்கம்மாள் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள்.

"அண்ணே, அன்னிக்குக் கற்பூரம் அணைச்சீங்களே, அப்பக் கை நடுங்கலையா?"

"இல்லம்மா. சரியாத்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

"அப்ப நீங்க மாட்டுற மெஷின் பக்கத்துல இவர நிக்க விடுறதுக்குப் பயமா இருக்குண்ணே," என்றாள் ராக்கம்மாள்.